பி0299: பூஸ்ட் குறைவு என்கிறது ஸ்கேனர். டர்போவைக் கழற்றும் முன் எதையெல்லாம் அளக்க வேண்டும்?

#1 நாலாங்கியர்

2.0 லிட்டர், 4 சிலிண்டர், காமன் ரெயில் டீசல். டர்போ வி.ஜி.டி வகை (டர்பைனைச் சுற்றியுள்ள 'வேன்' என்ற தகடுகள் கோணம் மாறி, பூஸ்ட் எனும் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும்), அந்த வேன்களை நகர்த்தும் ஆக்சுவேட்டர் வேக்யூமில் இயங்குகிறது. 2000 ஆர்.பி.எம் தாண்டினால் இழுவை இல்லை. மேட்டில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் பின்னால் கறுப்புப் புகை. சில விநாடிகளில் லிம்ப் மோடுக்கு (இன்ஜின் தன்னைக் காத்துக்கொள்ள சக்தியைக் குறைக்கும் நிலை) போய்விடுகிறது. சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால் சரியாகி, அடுத்த மேட்டில் மறுபடி அதே கதை. பதிவாகும் கோடு பி0299 மட்டும்தான்.

ஏர் ஃபில்டரும் டீசல் ஃபில்டரும் புதியவை. ஒர்க்‌ஷாப்பில் "டர்போ போயிடுச்சு, மாத்திடலாம்" என்கிறார்கள், எதையும் அளந்து பார்க்காமல். டர்போதான் காரணமா என்று கழற்றாமலே தெரிந்துகொள்ள வழி உண்டா?

#2 டீசல்கை

உண்டு. கழற்றுவதற்கு முன்னால் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

பி0299 என்றால் "டர்போ கெட்டுவிட்டது" என்று பொருள் இல்லை. இ.சி.யூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கேட்ட அழுத்தம், கொடுத்த நேரத்துக்குள் இன்டேக் மேனிஃபோல்டுக்கு வந்து சேரவில்லை. கோடு சொல்வது அவ்வளவுதான். டர்போ காற்றை அழுத்தாமல் இருக்கலாம், அழுத்திய காற்று வழியில் வெளியேறலாம், வேன்களை நகர்த்தும் வேக்யூம் வராமல் இருக்கலாம், டர்பைனுக்குப் போக வேண்டிய எக்ஸாஸ்ட் முன்னாலேயே கசியலாம், சைலன்சர் பக்கம் டி.பி.எஃப் (புகைக்கரி வடிகட்டி) அடைத்திருக்கலாம், பூஸ்ட் சென்சாரே தப்பாகச் சொல்லலாம். ஆறுக்கும் ஒரே கோடு.

முதலில் சென்சாரை நம்பலாமா என்று பாருங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, பூஸ்ட் சென்சார் ரீடிங்கையும் பேரோமெட்ரிக் ரீடிங்கையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கடல் மட்டத்தில் சுமார் 101 கிலோபாஸ்கல், 2000 மீட்டர் உயரத்தில் சுமார் 80. இரண்டுக்கும் நடுவே 5 கிலோபாஸ்கலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சென்சாரையும் அதன் வயரிங்கையும் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். பூஸ்ட் சென்சார் துளையில் எண்ணெயும் கரியும் சேர்ந்து களிம்பாக அடைத்திருப்பது அடிக்கடி நடப்பது. அப்படி அடைத்தால் நின்ற நிலையில் ரீடிங் சரியாகவே வரும், அழுத்தம் வேகமாக ஏறும்போது மட்டும் பின்தங்கும்.

அடுத்தது ரோட் டெஸ்ட். நியூட்ரலில் ரேஸ் கொடுத்துப் பார்ப்பதால் பயனில்லை. லோடு இல்லாத இன்ஜின் மிகக் குறைவாகத்தான் டீசல் எரிக்கும், டர்பைனைச் சுற்ற வெப்பமே கிடைக்காது, அதனால் நல்ல டர்போவும் அங்கே பூஸ்ட் காட்டாது. காலியான நேர் ரோட்டில் மூன்றாவது அல்லது நான்காவது கியரில் 1500-இல் தொடங்கி, மிதியை முழுக்க அழுத்தி 3500 வரை ஏற்றுங்கள். பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஸ்கேனரைப் பார்த்துக்கொள்ளட்டும். லாக் செய்ய வேண்டியவை: ஆர்.பி.எம், கேட்ட பூஸ்ட், வந்த பூஸ்ட், வி.ஜி.டி சோலினாய்டு (ஆக்சுவேட்டருக்கு வேக்யூமை அளந்து விடும் மின்வால்வு) டியூட்டி சதவீதம் (கூடினால் வேன்கள் மூடும்), ஏர் ஃப்ளோ (ஸ்ட்ரோக்குக்கு மில்லிகிராம்), ஈ.ஜி.ஆர் (எக்ஸாஸ்டின் ஒரு பகுதியை இன்டேக்குக்குத் திருப்பும் வால்வு) நிலை, டீசல் ரெயில் அழுத்தம் (கேட்டது, வந்தது), இன்டேக் வெப்பநிலை. சாதாரண ஸ்கேனரில் ஒரே நேரத்தில் இத்தனை எடுத்தால் விநாடிக்கு ஒரு புள்ளிதான் கிடைக்கும். நான்கு நான்காகப் பிரித்து இரண்டு தடவை ஓட்டுங்கள்.

#3 நாலாங்கியர்

சாவி ஆன், இன்ஜின் ஆஃப்: பூஸ்ட் சென்சார் 101, பேரோ 100 கிலோபாஸ்கல்.

நான்காவது கியர், மிதி முழுக்க. அழுத்தம் எல்லாம் அப்சல்யூட் பார் (வளிமண்டல அழுத்தமும் சேர்ந்தது):

1800 ஆர்.பி.எம்: கேட்டது 1.95, வந்தது 1.70, டியூட்டி 70%, ஏர் ஃப்ளோ 880 மி.கி.
2200: கேட்டது 2.25, வந்தது 1.75, டியூட்டி 82%, ஏர் ஃப்ளோ 1010
2600: கேட்டது 2.30, வந்தது 1.68, டியூட்டி 90%, ஏர் ஃப்ளோ 1020

2700-இல் லிம்ப் மோடு. இன்டேக் வெப்பநிலை 45 டிகிரி. ஈ.ஜி.ஆர் முழுக்க மூடியிருந்தது. ரெயில் அழுத்தம் கேட்டதும் வந்ததும் ஒட்டியே போகின்றன.

#4 சுழலி

இந்த எண்களே பாதி வேலையை முடித்துவிட்டன. ஏர் ஃப்ளோவையும் பூஸ்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

உங்கள் இன்ஜினில் ஒரு சிலிண்டர் அரை லிட்டர். 45 டிகிரியில் 1 பார் அழுத்தமுள்ள காற்று, அரை லிட்டருக்கு சுமார் 548 மில்லிகிராம் எடை. சிலிண்டர் ஒவ்வொரு தடவையும் முழுசாக நிரம்பாது, 90% நிரம்புவதாக வைத்துக்கொள்வோம். ஆக ஒவ்வொரு பாருக்கும் தோராயமாக 490 மில்லிகிராம்.

1800-இல் 1.70 × 490 = 833. அளந்தது 880.
2200-இல் 1.75 × 490 = 858. அளந்தது 1010.
2600-இல் 1.68 × 490 = 823. அளந்தது 1020.

ஏர் ஃப்ளோ சென்சார் இருப்பது ஏர் ஃபில்டரை ஒட்டி, அதாவது டர்போவுக்கு முன்னால். அது எண்ணி உள்ளே அனுப்பிய காற்றில் 2600-இல் கிட்டத்தட்ட 200 மில்லிகிராம் சிலிண்டருக்கு வந்து சேரவில்லை. ஈ.ஜி.ஆர் மூடியிருக்கிறது. அப்படியானால் டர்போ அவுட்லெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் எங்கோ காற்று வெளியே போகிறது. 1800-இல் 6 சதவீத வித்தியாசத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, 90% என்ற கணிப்பிலேயே அந்த அளவு பிழை இருக்கும். ஆனால் அந்த வித்தியாசம் 18, 24 என்று ஏறிக்கொண்டே போவதைக் கவனியுங்கள். டர்போ வேகமாகத் தள்ளத் தள்ள ஓட்டை அகலமாகிறது என்று அர்த்தம். ஹோஸ் கிழிசலின் நடத்தை இது.

கறுப்புப் புகைக்கும் இதே காரணம்தான். இ.சி.யூ 1020 மில்லிகிராம் காற்று உள்ளே இருக்கிறது என்று நம்பி அதற்கேற்ற டீசலை விடுகிறது. இருப்பதோ 820. மிச்ச டீசல் கரியாகிறது.

டர்போ தளர்ந்து காற்றையே தள்ளவில்லை என்றால் ஏர் ஃப்ளோவும் சேர்ந்து இறங்கியிருக்கும், கணக்கும் அளவும் பொருந்தியிருக்கும். உங்கள் டர்போ நன்றாகவே உழைக்கிறது. 90% டியூட்டியில் வேன்களை முழுக்க மூடிக்கொண்டு, ஓட்டைக்கும் சேர்த்து மூச்சு வாங்குகிறது. இப்படியே ஓட்டினால் தண்டு தாங்க வேண்டிய வேகத்தைத் தாண்டும், அப்புறம்தான் டர்போ உண்மையிலேயே போகும்.

மற்றவர்களுக்காக இதன் மறுபக்கம்: பூஸ்ட் சரியாக வந்து, ஏர் ஃப்ளோ மட்டும் கணக்கைவிடக் குறைவாக இருந்தால் மூன்று இடங்கள். ஏர் ஃப்ளோ சென்சாரில் அழுக்கு, சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள குழாயில் விரிசல், அல்லது மேனிஃபோல்டில் பூஸ்ட் சென்சாரைத் தாண்டிக் கரி அடைப்பு. இரண்டாவது இருந்தால் அன்றே சரி செய்யுங்கள். அந்த விரிசல் வழியாக ஃபில்டர் ஆகாத தூசி நேராக, டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் வீலுக்குப் போகிறது. இறக்கைகளின் முனை மணல் காகிதத்தில் தேய்த்ததுபோல் மெலிந்துவிடும், பிஸ்டன் ரிங்கும் சேர்ந்து தேயும்.

#5 ஊசிமுனை

சுழலி சொன்னது சரி. இனி ஓட்டையைக் கண்டுபிடிக்கிற வேலைதான். ஒழுங்கா செஞ்சா ஒரு மணி நேரம்.

ஏர் ஃபில்டர் பக்கத்து குழாயை டர்போ இன்லெட்டில் கழற்றிட்டு, அந்த வாய்க்கு அடைப்பு போடுங்க. ரப்பர் கேப், அதுக்கு மேல கிளாம்ப், நடுவில டயர் வால்வு. கடையில டெஸ்டர் கிடைக்கலைன்னா சரியான விட்டத்துல தடிமனான பிளாஸ்டிக் பைப் மூடி வெச்சு நீங்களே செஞ்சுக்கலாம். காத்து அடிக்கிற கடை கம்ப்ரஸர்ல ரெகுலேட்டர் கட்டாயம் வேணும். 0.3 பார்ல தொடங்கி மெல்ல ஏத்துங்க. உங்க இன்ஜின் கேட்கிறது 2.3 அப்சல்யூட், அதாவது வளிமண்டலத்துக்கு மேல 1.3. அதனால டெஸ்ட்ல 1.0 முதல் 1.2 பார் போதும். அதைத் தாண்டாதீங்க. அடைப்புக்கு நேரா முகத்தை வெச்சுக்கிட்டு நிக்காதீங்க, கழண்டா துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும்.

சோப்புத் தண்ணியைத் தெளிச்சுக்கிட்டே போங்க. பார்க்க வேண்டிய இடங்கள்: டர்போ அவுட்லெட் ஹோஸ், அழுத்தின காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலரோட ரெண்டு பக்க பிளாஸ்டிக் டேங்க் மடிப்பு, கிளாம்புக்கு அடியில இருக்கிற ஹோஸ் விளிம்பு, குயிக் கிளிப் ஜாயின்ட்ல உள்ள ஓ-ரிங், த்ராட்டில் பாடி கேஸ்கட், பூஸ்ட் சென்சார் ஓ-ரிங், ஈ.ஜி.ஆர் வால்வு இருக்கை. ஹோஸை அடிப்பக்கமும் தடவிப் பாருங்க. ஆயில் ஊறி உப்பின ரப்பர் பெரும்பாலும் அடியிலதான் கிழியும், மேலிருந்து பார்த்தா புதுசு மாதிரி இருக்கும். வெளிய ஈரமா, தூசி ஒட்டிக் கறுப்பா ஒரு திட்டு தெரிஞ்சா அங்கேயே தொடங்குங்க.

ஒரு விஷயம்: அழுத்தம் முழுக்க நிக்காது. ஏதாவது ஒரு சிலிண்டர்ல இன்டேக் வால்வு திறந்திருக்கும், அது வழியா பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கிராங்கேஸுக்குள்ள காற்று போகும். டிப்ஸ்டிக் குழாயில மெல்லிசா உஸ்ஸுன்னு வந்தா பயப்பட வேண்டாம். டிப்ஸ்டிக்கையோ ஆயில் மூடியையோ திறந்து வெச்சே டெஸ்ட் பண்ணுங்க, இல்லைன்னா கிராங்க் சீல் வெளிய தள்ளிரும். சைலன்சர்ல பலமா காற்று வந்தா ஈ.ஜி.ஆர் வால்வு மூடலைங்கிற சந்தேகம் வரணும். கிராங்க் புல்லியைக் கால் சுற்று திருப்பி மறுபடி பாருங்க. அப்பவும் அதே அளவு வந்தா ஈ.ஜி.ஆர்தான்.

#6 கரும்புகை

ஸ்மோக் மெஷின் போட்டால் இதைவிட எளிது இல்லையா? புகை வரும் இடம் கண்ணுக்கே தெரியும்.

#7 ஊசிமுனை

எளிதுதான், ஆனா இந்த மாதிரி கேஸ்ல ஏமாத்தும் அண்ணா. ஸ்மோக் மெஷின் தர்ற அழுத்தம் ரொம்பக் கம்மி, பல மெஷின்ல 0.1 பார்கூட இருக்காது. வேக்யூம் லீக்குக்கும் உடைஞ்ச குழாய்க்கும் அது அருமையான கருவி. 1 பார் உள்ள தள்ளும்போது மட்டும் வாயைத் திறக்கிற கிழிசல், அந்த அழுத்தத்துல உதடு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும். நாலாங்கியர் கொடுத்த எண்களைப் பாருங்க, 0.7 பார் கேஜ்ல (வளிமண்டலத்துக்கு மேல 0.7) ஓட்டை அரைகுறையாத்தான் திறக்குது. ஸ்மோக் மெஷின்ல "லீக் இல்லை"ன்னு வந்தா அதை முடிவா எடுத்துக்க முடியாது.

கனரக இன்ஜின்ல இன்டர்கூலரை மட்டும் தனியா டெஸ்ட் பண்ற முறை ஒண்ணு இருக்கு. ரெண்டு பக்கமும் அடைச்சு 30 பி.எஸ்.ஐ ஏத்தி, சப்ளையை மூடிட்டு, 15 விநாடியில 5 பி.எஸ்.ஐக்கு மேல இறங்கினா மாத்தணும். சின்ன வண்டி பிளாஸ்டிக் டேங்குக்கு அந்த 30-ஐ அப்படியே ஏத்தாதீங்க.

#8 நாலாங்கியர்

0.5 பார் வரை சத்தமே இல்லை. 0.8 தாண்டியதும் இன்டர்கூலர் அவுட்லெட் ஹோஸில், கிளாம்புக்கு ஒரு விரல் தள்ளி, அடிப்பக்கத்தில் சோப்பு நுரை கொப்பளித்தது. ஹோஸைக் கழற்றி வளைத்துப் பார்த்தால் சுமார் 4 செ.மீ நீளத்தில் கிழிசல், உள்ளே இருக்கும் நூல் அடுக்கு வரை. கையை விட்டால் ஒட்டிக்கொள்கிறது, கோடுகூடத் தெரியவில்லை.

புது ஹோஸ் போட்டாகிவிட்டது. 2200-இல் கேட்டது 2.25, வந்தது 2.27, ஏர் ஃப்ளோ 1105. புகை இல்லை.

ஆனால் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. கியர் மாற்றி உடனே மிதித்தால் சில தடவை லிம்ப் மோடு, இப்போது கோடு பி0234 (பூஸ்ட் கூடுதல்). லாக்கில் 1900-இல் கேட்டது 2.00, வந்தது 2.55. சுமார் ஒன்றரை விநாடி அப்படியே நின்று பிறகுதான் இறங்கியது. அந்த நேரத்தில் டியூட்டி 35 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது.

#9 டீசல்கை

இது புதிய பழுது இல்லை, ஓட்டைக்குப் பின்னால் ஒளிந்திருந்த பழுது. பல நாளாக இ.சி.யூ பூஸ்ட் போதாமல் வேன்களை மூடிய பக்கமே பிடித்து வைத்திருந்தது, புகையும் அதிகம். கரி படிய இதைவிட நல்ல சூழ்நிலை கிடையாது. இப்போது காற்று முழுதாக வந்து சேர்கிறது, வேன் திறக்கச் சொன்னால் உடனே திறக்கவில்லை. டியூட்டி 35-க்கு இறங்கியதிலிருந்து இ.சி.யூ தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று தெரிகிறது. ஒன்று வேக்யூம் இறங்கவில்லை, அல்லது வேக்யூம் இறங்கியும் வேன் நகரவில்லை. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிது.

இந்த வகையில் வேக்யூம் கொடுத்தால் வேன்கள் மூடும், பூஸ்ட் கூடும். வேக்யூம் போனால் ஸ்பிரிங் வேன்களைத் திறந்துவிடும். அதனால் சோலினாய்டில் மூன்று வாய்கள்: ஒன்று வேக்யூம் பம்பிலிருந்து, ஒன்று ஆக்சுவேட்டருக்கு, மூன்றாவது வெளிக்காற்றுக்கு. வேக்யூம் இறங்க வேண்டுமானால் அந்த மூன்றாவது வாய் வழியாகக் காற்று உள்ளே வர வேண்டும். அந்த வாயில் ஒரு சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருக்கும், அல்லது ஒரு ஹோஸ் ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும். அது சேறும் எண்ணெயுமாக அடைத்தால் வேக்யூம் மெதுவாகத்தான் இறங்கும், வேன் மூடியே நிற்கும். பூஸ்ட் கூடுதல் கோடு வந்தால் நான் முதலில் தொடும் இடம் இதுதான். ஃபில்டரை ஒரு நிமிடம் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். பிரச்சினை போனால் அதுதான்.

அடுத்து ஆக்சுவேட்டர். ஹோஸைக் கழற்றி, கேஜ் உள்ள கைவேக்யூம் பம்பை மாட்டுங்கள். மெல்ல இழுத்துக்கொண்டே ராடைக் கவனியுங்கள். வழக்கமாக 0.1 முதல் 0.2 பாருக்குள் நகரத் தொடங்கி, 0.5–0.6 பார் வேக்யூமில் ஸ்டாப்பைத் தொடும். மொத்த ஓட்டம் சுமார் 10 மில்லிமீட்டர். துல்லியமான எண் உங்கள் இன்ஜின் கைநூலில் இருக்கும். முழுக்க இழுத்த பிறகு ஒரு நிமிடம் விடுங்கள். கேஜ் முள் இறங்கினால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது.

முள் நிற்கிறது என்றால் இப்போது வேக்யூமை மிக மெதுவாக விடுங்கள். ராட் வெண்ணெயில் கத்தி போவதுபோல் ஒரே சீராகத் திரும்ப வேண்டும். ஓர் இடத்தில் நின்று, பிறகு டக்கென்று குதித்தால் வேன்களோ அவற்றைத் திருப்பும் வளையமோ கரியில் சிக்கியிருக்கிறது. இன்ஜின் ஆறியிருக்கும்போதும் நன்றாகச் சூடான பிறகும் இரண்டு தடவை செய்யுங்கள். சூட்டில் மட்டும் சிக்கும் டர்போக்கள் உண்டு.

பம்ப் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். ஐட்லிங்கில் நல்ல பம்ப் 0.85–0.9 பார் வேக்யூம் தர வேண்டும். இது உங்களுக்கு இப்போது தேவைப்படாது, ஆனால் பூஸ்ட் குறைவு கோடு வருகிறவர்களுக்கு முதல் வேலைகளில் ஒன்று இது. வேக்யூம் ஹோஸ்கள் பார்க்க நன்றாக இருக்கும், வளைவில் முடியளவு வெடிப்பு இருக்கும். மொத்த நீளத்தையும் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது. கழற்றும்போது மூன்று வாய்க்கும் அடையாளம் போடுங்கள். மாற்றிப் பொருத்திய ஹோஸைத் தேடி வண்டியையே புரட்டிப்போடும்படி ஆகிவிடும்.

#10 நாலாங்கியர்

சோலினாய்டின் மூன்றாவது வாயில் இருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் சுத்தமாகத்தான் இருந்தது. கழற்றி ஓட்டியும் மாற்றம் இல்லை. கைபம்பில் 0.15 பாரில் நகரத் தொடங்குகிறது, 0.55-இல் ஸ்டாப். வேக்யூம் நிற்கிறது. ஆனால் விடும்போது பாதி வழியில் ராட் நின்றுவிடுகிறது. கேஜ் 0.35-இலிருந்து 0.2 வரை இறங்கியும் அசையவில்லை, பிறகு டக்கென்று பின்னால் வந்துவிடுகிறது. இன்ஜின் சூட்டில் இன்னும் மோசம்.

#11 கரும்புகை

அப்படியானால் வேன்தான். ஓவன் க்ளீனர் நுரையை ஈ.ஜி.ஆர் அல்லது பிரஷர் சென்சார் துளை வழியாக டர்பைன் ஹவுசிங்குக்குள் அடித்து, அரைமணி நேரம் ஊறவிட்டு, ராடை அசைத்து, இன்ஜினை ஓட்டினால் போதும். டர்போவைக் கழற்றவே வேண்டாம்.

#12 சுழலி

அண்ணா, இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

சில தடவை வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அந்த நுரையில் காஸ்டிக் இருக்கும். அலுமினியம் படும் இடத்தை அரிக்கும். எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்க்க முடியாது. ஊறிய கரி பெரிய துண்டாகப் பெயர்ந்து, வேகமாகச் சுற்றும் டர்பைன் இறக்கையில் மோதலாம். சிறிய டீசல் டர்போக்கள் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று அளவில் சுற்றும் பொருள்கள். அந்த வேகத்தில் கரித்துண்டும் கல்தான். பின்னால் டி.பி.எஃப் இருந்தால் அந்த ரசாயனமும் அங்கேதான் போகும். இதைவிட முக்கியம், வேன் வளையத்தில் துரு இருந்தால் நுரையால் அது போகாது. ஒரு மாதத்தில் திரும்ப வரும்.

கழற்றிச் செய்யுங்கள். ஸ்டட்களில் முந்தின நாளே பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு ஊறவிடுங்கள். நட்டைத் திருப்பும் முன் ஒரு நூலளவு இறுக்கிவிட்டுப் பிறகு தளர்த்துங்கள், துரு உடையும். வெளியே எடுத்ததும் டர்பைன் ஹவுசிங், நடுப் பகுதி, கம்ப்ரஸர் ஹவுசிங் மூன்றிலும் ஒரே நேர்கோட்டில் கோடு கீறிக்கொள்ளுங்கள். ஆயில் குழாய் கோணமும் ஆக்சுவேட்டர் கோணமும் அதை வைத்துத்தான் சரியாகத் திரும்பி வரும்.

டர்பைன் பக்கத்தை மட்டும் பிரித்தால் வேன் வளையம் தெரியும். டீசலிலோ கார்ப் க்ளீனரிலோ ஊறவைத்து, பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்து, ஒவ்வொரு வேனையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். எல்லா வேனும் ஒரே மாதிரி இலேசாக நகர வேண்டும். மணல் பிளாஸ்ட் வேண்டாம், மணல் ஒரு துகள் பேரிங்குக்குள் போனாலே முடிந்தது. சேர்க்கும்போது கிரீஸ் போடாதீர்கள். 700 டிகிரி வெப்பத்தில் அது புதிய கரியாகத்தான் மாறும். வேன் தாங்கும் பின்கள் தேய்ந்து ஆடினாலோ வளையத்தில் பள்ளம் விழுந்திருந்தாலோ சுத்தம் செய்து பயனில்லை, வேன் தொகுதியை மாற்ற வேண்டும்.

கம்ப்ரஸர் வீல் நட்டைத் தொடாதீர்கள். தண்டும் இரண்டு வீலும் சேர்ந்து பேலன்ஸ் செய்யப்பட்டவை. நட்டைத் தளர்த்தினால் பேலன்ஸ் போய்விடும்.

டர்போ கையில் இருக்கும்போதே தண்டைப் பார்த்துவிடுங்கள். முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டமே தெரியாத அளவுக்கு இருக்க வேண்டும். டயல் கேஜ் வைத்தால் 0.1 மில்லிமீட்டருக்குள்தான் பெரும்பாலும் வரும். பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு. பேரிங் ஆயில் படலத்தில் மிதப்பது, ஆயில் இல்லாதபோது இளக்கமாகத்தான் இருக்கும். பக்கவாட்டில் அழுத்திக்கொண்டே சுற்றிப் பாருங்கள், வீல் எங்கும் ஹவுசிங்கை உரசக் கூடாது. பக்கவாட்டு ஆட்டத்தைப் பார்த்துவிட்டு நல்ல டர்போவைத் தூக்கிப் போடுகிறவர்கள் ஏராளம்.

#13 ஏழாம்பிஸ்டன்

என் வண்டியில் ஆக்சுவேட்டர் எலக்ட்ரிக், வேக்யூம் ஹோஸே கிடையாது. இதே டெஸ்டை எப்படிச் செய்வது? கோடு பி2563 (வேன் நிலை சென்சார் ரீடிங் வரம்பில் இல்லை).

#14 டீசல்கை

ஸ்கேனரில் ஆக்சுவேட்டர் டெஸ்ட் இருக்கும். வேன் நிலையை 10, 30, 50, 70, 90 சதவீதம் என்று கேட்டு, வந்த நிலையைக் கவனியுங்கள். எல்லா இடத்திலும் ஒட்டி வந்தால் ஆக்சுவேட்டரும் வேனும் நன்றாக இருக்கின்றன, கனெக்டர் பின்களையும் வயரையும் பாருங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நின்றால், ஆக்சுவேட்டர் இணைப்பைக் கழற்றி லீவரைக் கையால் ஆட்டுங்கள். லீவர் இலேசாக நகர்கிறது என்றால் ஆக்சுவேட்டருக்குள்ளிருக்கும் கியர் பல் தேய்ந்திருக்கிறது. லீவரே இறுக்கம் என்றால் வேன். இறுகிய வேனைத் தள்ளித் தள்ளித்தான் பல எலக்ட்ரிக் ஆக்சுவேட்டர்கள் போகின்றன. வேனைச் சரி செய்யாமல் புது ஆக்சுவேட்டர் போட்டால் அதுவும் போகும். மாற்றிய பிறகு ஸ்கேனரில் முழு ஓட்டத்தையும் கற்றுக்கொடுக்கும் செயல்முறையைச் செய்தே ஆக வேண்டும்.

#15 கரும்புகை

சுழலி சொன்ன காஸ்டிக் விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். இன்னொரு வண்டி பற்றி ஒரு கேள்வி. டர்போ மாற்றிய இரண்டே வாரத்தில் நீலப் புகை, இன்டர்கூலர் ஹோஸ் முழுக்க ஆயில். புது டர்போவே பழுதாக வந்ததா?

#16 சுழலி

புது டர்போவாகவும் இருக்கலாம். ஆனால் அதை வாரன்டிக்கு அனுப்பும் முன் இதைப் புரிந்துகொண்டால் அலைச்சல் மிச்சம்.

டர்போவில் ஆயிலைத் தடுப்பது ரப்பர் சீல் இல்லை. பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய உலோக வளையம். அது ஆயிலைத் தேக்கி வைக்கும் அணை கிடையாது. நடுப் பகுதியில் ஆயில் தேங்காமல் உடனே கீழே வடிந்துவிடும், இரண்டு பக்க ஹவுசிங்கிலும் உள்ள அழுத்தம் ஆயிலை உள்ளேயே தள்ளி வைக்கும். இந்த இரண்டு நிபந்தனையும் இருக்கும்வரைதான் அந்த வளையம் வேலை செய்யும். அதனால் நல்ல டர்போவும் மூன்று காரணத்தால் ஆயில் கக்கும்.

வடிகுழாய் அடைப்பு முதல் காரணம். உள்ளே ஆயில் கரியாகப் படிந்திருக்கும், குழாய் நசுங்கியிருக்கும், கேஸ்கட் துளை பாதி மறைத்திருக்கும். ஃபிளாஞ்சில் சிலிகான் தடவியிருந்தால் அது பிதுங்கி உள்ளே தொங்கும். ஆயில் ஃபிளாஞ்சில் சிலிகான் கூடவே கூடாது, கேஸ்கட் மட்டும்.

இரண்டாவது கிராங்கேஸ் அழுத்தம். பிரீதர் (கிராங்கேஸ் வாயு வெளியேறும் வழி) அடைத்தாலோ பிஸ்டன் ரிங் தேய்ந்து புளோ-பை (ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும் வாயு) அதிகமானாலோ, கீழே இருந்து அழுத்தம் எதிர்க்கும்போது ஆயில் எப்படி வடியும்? ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திறந்து வாய்மேல் தலைகீழாக வையுங்கள். துள்ளி விழுந்தால் டர்போவை விட்டுவிட்டு பிரீதரைப் பாருங்கள்.

மூன்றாவது, இன்டேக் பக்கம் மூச்சடைப்பு. ஏர் ஃபில்டர் அடைத்தால் கம்ப்ரஸர் பக்கம் உறிஞ்சும் நிலை வந்து ஆயிலை இழுக்கும். கனரக டீசல்களில் ஃபில்டர் தடைக்கு வழக்கமான மேல்வரம்பு 25 அங்குல நீர்மட்டம், அதாவது சுமார் 62 மில்லிபார்.

இவை எதுவும் இல்லாமல், பழைய டர்போ கக்கிய ஆயிலே இன்டர்கூலரில் மிச்சம் இருந்து இப்போது வெளியே வந்துகொண்டிருக்கவும் கூடும். டர்போ மாற்றும்போது இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்து வடித்து, கழுவி, உலர்த்திப் போடாவிட்டால் இதுதான் நடக்கும். அங்கே பழைய வீலின் உலோகத் துண்டு சிக்கியிருந்தால் அது இன்ஜினுக்குள் போகும். அரை லிட்டர் ஆயில் தேங்கியிருந்தால் இன்னும் ஆபத்து. ஒரு மேட்டில் அது மொத்தமாக இன்டேக்குக்கு வந்து, இன்ஜின் அதையே எரித்துக்கொண்டு தானாகவே வேகம் ஏறும். சாவியை அணைத்தாலும் நிற்காது. மேனுவல் கியர் என்றால் பிரேக்கை முழுக்க மிதித்து, உயர் கியரில் கிளட்சை விட்டு இன்ஜினை அடைத்து நிறுத்த வேண்டும். அல்லது இன்டேக் வாயைத் தட்டையான பலகையால் மூட வேண்டும், கையால் ஒருபோதும் கூடாது.

#17 ஊசிமுனை

புது டர்போ போடறவங்க, டர்போவுக்கு ஆயில் கொண்டு வர்ற ஃபீட் குழாயைப் பழசையே திரும்ப மாட்டாதீங்க. அந்தக் குழாயைப் பிடிக்கிற பான்ஜோ போல்ட்டுக்குள்ள (நடுவில துளை உள்ள போல்ட்) குட்டி வலை ஃபில்டர் இருக்கிற இன்ஜின்ல அது அடைச்சுத்தான் முதல் டர்போ போயிருக்கும். ஆயிலும் ஃபில்டரும் புதுசு போடுங்க. ஃபீட் துளையில சுத்தமான இன்ஜின் ஆயிலை ஊத்தி வீலைக் கையால சுத்துங்க. இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றிட்டு 10 முதல் 15 விநாடி கிராங்க் அடிங்க, ஆயில் லைட் அணையணும். அப்புறம் ஸ்டார்ட் பண்ணி மூணு நாலு நிமிஷம் ஐட்லிங்ல விடுங்க, ரேஸ் கொடுக்காதீங்க. முதல் விநாடிகள்ல ஆயில் இல்லாம சுத்தின பேரிங் அன்னிக்கே பாதி செத்திருக்கும்.

#18 பழையபம்ப்

எலக்ட்ரானிக் இல்லாத பழைய இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பூஸ்ட் கேஜில் அழுத்தம் சரியாக வருகிறது, இழுவை மட்டும் இல்லை என்றால் மேனிஃபோல்டிலிருந்து இன்ஜெக்‌ஷன் பம்பின் தலைக்குப் போகும் சின்ன ஹோஸைப் பாருங்கள். அங்கே ஒரு டயாஃப்ரம் இருக்கிறது. பூஸ்ட் அதை அழுத்தினால்தான் பம்ப் கூடுதல் டீசல் விடும். ஹோஸ் வெடித்தாலோ டயாஃப்ரம் கிழிந்தாலோ டர்போ எவ்வளவு தள்ளினாலும் டீசல் கூடாது, புகையும் இருக்காது. கைபம்பால் அந்த வாயில் 0.5 பார் அழுத்தம் கொடுத்துப் பாருங்கள், நிற்க வேண்டும்.

#19 நாலாங்கியர்

டர்போவைக் கழற்றி வேன் வளையத்தைச் சுத்தம் செய்தாகிவிட்டது. இரண்டு வேன்களின் பின்னால் கரி பாறைபோல் இறுகியிருந்தது, மற்றவை சுமார். பின்கள் தேயவில்லை. தண்டு ஆட்டம் டயல் கேஜில் 0.06 மி.மீ. கைபம்பில் இப்போது போகும்போதும் வரும்போதும் ஒரே சீர்.

லாக்: 2200-இல் கேட்டது 2.25, வந்தது 2.24, டியூட்டி 58%, ஏர் ஃப்ளோ 1095. கியர் மாற்றி மிதித்தால் கேட்டதைவிட 0.1 பார் தாண்டி, அரை விநாடிக்குள் இறங்கிவிடுகிறது. கோடு எதுவும் இல்லை.

வேன் ஸ்டாப் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பினால் கீழ் ஆர்.பி.எம்மில் இன்னும் சீக்கிரம் பூஸ்ட் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

#20 டீசல்கை

வேண்டாம். அந்த ஸ்க்ரூ, வேன் முழுக்க மூடியபோது எவ்வளவு வாயு கடக்க வேண்டும் என்று ஃப்ளோ பெஞ்சில் அளந்து பூட்டப்பட்டது. கண்ணால் பார்த்துத் திருப்பும் இடம் இல்லை. கால் சுற்றிலேயே கீழ் வேகத்தில் எக்ஸாஸ்ட் எதிரழுத்தம் எகிறும், பி0234 திரும்ப வரும். திருப்பிவிட்டால் பழைய இடத்தைக் கண்டுபிடிக்க உங்களிடம் கருவியும் இல்லை. கழற்றும்போது பூட்டு நட்டு அசைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதன்மேல் உள்ள பெயின்ட் அடையாளம் உடையாமல் இருந்தால் போதும்.

58 சதவீத டியூட்டியில் கேட்டது கிடைக்கிறது, கையிருப்பும் இருக்கிறது. இந்த லாக்கை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சர்வீஸில் அதே கியர், அதே மிதி, அதே 2200. டியூட்டி 70-ஐ நோக்கி ஏறியிருந்தால் கோடு வரும்வரை காத்திருக்காமல் சோப்புத் தண்ணீரை எடுங்கள்.